நான்காம் கட்டத்தில் ஆரோக்கியமேரியின் குரல்

1998ஆம் ஆண்டு கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில்தான் ஹெப்சியும் ஆரோக்கியமேரியும் முதன்முதலாகச் சந்தித்தனர். வேலூரில் ஒரு மிஷன் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்த ஹெப்சி, விடுமுறை வேதாகமப் பள்ளிப் பிள்ளைகளை ஏலகிரி மலைக்கு அழைத்துச் சென்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். ஆம்பூரில் வேறு பேருந்துக்கு மாற வேண்டும். இறங்கிப் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தபோது அக்சா என்னும் சிறுமியைக் காணவில்லை. வியர்வையும் பதற்றமுமாக அவர் நேரக் காப்பாளரின் அறைக்கு ஓடினார். அறைக்கு மேலே, மரப்படி ஏறிச் சென்றால், ஒரு சிறு கூண்டு. அதற்குள், கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு, முப்பது வயதை ஒட்டிய ஒரு பெண் ஒலிவாங்கியின் முன்னால் அமர்ந்திருந்தாள்.

"குழந்தையைக் காணோம்மா. உடனே மைக்கில் சொல்லும்மா."

"பேரு இன்னா டீச்சர்? இன்னா கலர் கவுனு?" பார்த்த மாத்திரத்தில் ஆசிரியை என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ!

"அக்சா. மஞ்சள் கவுன்."

"நீங்க எங்க நிப்பீங்க?"

"எங்கேயாவது நிற்கிறேன். அந்தப் புத்தகக் கடை வாசலில் என்று சொல்லு."

"மொதல்ல அங்க போயி நில்லுங்க. நீங்க நிக்கறத நான் கண்ணால பாத்தாத்தான் சொல்லுவேன்."

"என்னம்மா இது? ஒவ்வொரு நிமிடமும்..."

"ஆளே இல்லாத எடத்துக்குக் கொழந்தய வான்னு கூப்ட்டு, அது வந்து நின்னு அழுவறதுக்கா? போங்க டீச்சர், போயி நில்லுங்க."

ஹெப்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் இறங்கிப் போய்ப் புத்தகக் கடை வாசலில் நின்றார். நின்றதும் அந்தக் குரல் வந்தது. இரைச்சலுக்கு மேலே ஏறாமல், இரைச்சலை விலக்கிக்கொண்டு வழி கேட்பதைப் போல வந்தது. "மஞ்சள் கவுன் அணிந்த அக்சா பாப்பா, உங்கள் டீச்சர் புத்தகக் கடை வாசலில் குடையோடு நிற்கிறார். பயப்படாமல் வாங்க." இரண்டாம் முறை சொல்வதற்குள், வாய் முழுவதும் சிவக்கக் குச்சி ஐஸைச் சப்பியபடி அக்சா வந்து சேர்ந்தாள்.

நன்றி சொல்ல ஹெப்சி மறுபடியும் படி ஏறினார். அன்று தொடங்கிய பழக்கம் அது. ஆம்பூரில் வாழ்க்கைப்பட்ட தம் அக்காளைப் பார்க்க வரும்போதெல்லாம் அந்தக் கூண்டுக்குப் போய், ஒரு தேநீர் குடித்துவிட்டுத்தான் வேலூர்ப் பேருந்தில் ஏறுவார்.

ஆரோக்கியமேரியின் தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். அவ்வூரார் அத்தகைய தொழிற்சாலையைத் தோல் ஷாப்பு என்பர். தாயும் தந்தையும் போனபின், தம்பி சத்தியநாதனை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைப் பழுதாக்கிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அதை மறைக்கும்படி உறவினர் சொன்னார்கள். அவள் மறைக்கவில்லை, கல்யாணமும் ஆகவில்லை. கோயிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வாசகம் வாசிப்பதைக் கேட்ட ஒருவர், பேருந்து நிலையத்தில் அறிவிப்பும் விளம்பரமும் செய்யும் வேலையை அவளுக்கு வாங்கித் தந்தார்.

விளம்பரங்களை அவள் ஒப்புக்கு வாசிப்பாள். ஆனால், பேருந்து அறிவிப்பு அவளுக்கு வேத வாக்கு. குடியாத்தம் வண்டியோ, பேரணாம்பட்டு வண்டியோ, அதன் முகப்பு நிலையத்துக்குள் திரும்புவதைக் கூண்டின் சன்னல் வழியாகப் பார்த்த பிறகே அறிவிப்பாள். நேரக் காப்பாளர் சாமிநாதன் கீழேயிருந்து கத்துவார்.

"போன்ல சொல்லிட்டாங்கம்மா, பைபாஸ் தாண்டிட்ச்சாம். சொல்லித் தொலையேன்!"

"வரட்டும் சார்."

"நீ சொல்லலன்னா வண்டி வராம போய்டுமா?"

"நான் சொல்லி வராம போச்சுன்னா? மூட்டயத் தூக்கிக்கினு ஓடற கெழவிக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க? அது மூக்கு உள்ள நொழயட்டும். என் வாய் தானா தொறக்கும்."

நடத்துநர்கள் அவளுக்கு 'மூக்கு மேரி' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆயினும், அவள் குரல் எழும்பியதும் மக்கள் யோசிக்காமல் மூட்டையைத் தூக்கினார்கள். வேறு எவர் எங்கே கூவினாலும் அசையமாட்டார்கள். அவளது சொத்து என்று ஏதேனும் உண்டென்றால், அந்த நம்பிக்கை ஒன்றுதான்.

ஹெப்சி 2005ஆம் ஆண்டு பணி ஓய்வு பெற்றார். மறு ஆண்டு, அவருடைய திருச்சபையைச் சேர்ந்த டைட்டஸ் என்னும் இளைஞர் வீட்டுக்கு வந்தார். காட்பாடியில் ஓர் அடுமனைக்கு மேல்மாடியில் கணினி நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தார். வெளிநாட்டுச் செருப்பு நிறுவனங்கள், தோல் வாங்க வேண்டுமானால் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளித்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்று கேட்கத் தொடங்கியிருந்த காலம் அது. அந்தப் பயிற்சியை இணையம் வழியாக, படமும் பாட்டும் விளையாட்டுமாகத் தரப்போவதாக டைட்டஸ் சொன்னார்.

"பாடம் நடத்தினா தூங்கிடுவாங்க ஆன்ட்டி. கேம் குடுத்தா கண்ணு இமைக்கமாட்டாங்க. வாணியம்பாடியில ஒருத்தன் ஆடி முடிச்சான்னா, அவன் ஸ்கோர் அதே நிமிஷம் ஜெர்மனியில தெரியும். நீங்க பாடத்த மட்டும் எழுதிக் குடுங்க. மிச்சத்த என் பசங்க பாத்துப்பாங்க."

ஹெப்சி மூன்று மாதம் உழைத்து எழுதினார். கையுறை, அமிலம், எந்திரத்தில் சிக்கும் சட்டைக்கை ஆகியவற்றோடு, கழிவுநீர்த் தொட்டியைப் பற்றிய பாடத்தை மிகுந்த கவனத்தோடு எழுதினார். சகதி கிளறப்பட்டால் அழுகிய முட்டையின் நாற்றம் எழும். அந்த நாற்றம் இருக்கும்வரை மூக்கு நமக்குத் துணை. நாற்றம் சட்டென்று மறைந்துவிட்டால் காற்று தூய்மையாகிவிட்டது என்று பொருளல்ல, மூக்கு செத்துவிட்டது என்று பொருள். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், எவரும் இறங்கக் கூடாது. பெற்ற மகனே விழுந்தாலும் இறங்கக் கூடாது. கூச்சலிட வேண்டும், சுவாசக் கருவி வரும்வரை நிற்க வேண்டும். 'நிற்க வேண்டும்' என்பதன் கீழே ஹெப்சி கோடு இழுத்திருந்தார்.

குரல் கொடுக்க ஆள் தேடியபோது, அவர்தாம் ஆரோக்கியமேரியின் பெயரைச் சொன்னார்.

பதிவு நடந்த அறை, சுவரெங்கும் முட்டை அட்டைகள் ஒட்டப்பட்ட ஒரு பொந்து. வாக்கியங்களைத் துண்டு துண்டாக நறுக்கி ஆரோக்கியமேரியின் முன்னால் பரப்பியிருந்தார்கள். சபாஷ்! சீக்கிரம், சீக்கிரம்! இறங்கு! இன்னும் பத்து நொடி இருக்கிறது! நண்பன் உன்னை நம்பியிருக்கிறான்!

அவள் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சார், இது எங்க வருது? யாரு, எப்ப, யாரப் பாத்து சொல்றது?"

"அதெல்லாம் நாங்க அப்புறமா ஒட்டிப்போம்க்கா. நீங்க சும்மா சொல்லுங்க."

"சும்மா எப்படி சார் சொல்றது? படத்தக் காட்டுங்க. பாத்துட்டு சொல்றேன்."

"படமே இன்னும் ரெடியாகலக்கா! வாய்ஸ் வந்தாத்தான் டைமிங் போட முடியும்." டைட்டஸ் சிரித்தார். "இது இன்னா பஸ் ஸ்டாண்டா? பஸ் வந்தா பேசறதுக்கு? இது கேம். இங்க நீங்க பேசினாத்தான் பஸ்ஸே வரும்."

ஆரோக்கியமேரி ஹெப்சியைப் பார்த்தாள். பாடம் எழுதியவர் டீச்சர். டீச்சரே அருகில் இருக்கிறார். அவள் ஒலிவாங்கியின் பக்கம் திரும்பினாள். 'சபாஷ்' என்னும் சொல்லை மட்டும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சொல்ல வைத்தார்கள். இன்னும் உற்சாகம், இன்னும் கொஞ்சம் சிரிப்பு, லாட்டரி விழுந்தாற்போல என்று டைட்டஸ் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது அவள் முகம், வேண்டாத வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவளுடையது போல இருந்தது.

"இன்னான்னே தெரியாம இவ்ளோ நேரம் ஒருத்தனப் பாராட்டிட்டு வந்திருக்கேன் டீச்சர்."

கட்டத்துக்கு ஒரு பாடமாக அமைத்த பயிற்சி விளையாட்டு பல தோல் ஷாப்புகளுக்குப் போயிற்று. சத்தியநாதன் வேலை பார்த்த இடத்திலும், பண்டகசாலையின் ஒரு மூலையில் தடுப்பு வைத்து, குளிர்சாதனம் மாட்டி, நான்கு கணினிகளை வைத்தார்கள். நச்சுத் தண்ணீரில் நாளெல்லாம் நிற்கும் ஆட்களைக் கால் கழுவச் சொல்லி, அங்கே உட்கார வைத்தார்கள். மாதந்தோறும் முதலிடம் பெறுபவருக்குப் பிரஷர் குக்கர் பரிசு. கடமைக்கு வந்து உட்கார்ந்தவர்கள், பரிசு என்றதும் ஆடித் தீர்த்தார்கள். சத்தியநாதன் இரண்டு குக்கர்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

"மூணாவதும் வந்துடும்க்கா. நாலாவது கட்டத்துல என்னய எவனும் அட்ச்சிக்க முடியாது. நீ கத்தற கத்துல கை தானா போவுது."

"நான் இன்னாடா கத்தறேன் அதுல?"

"வூட்ல கத்தறதத்தான்! சீக்கிரம், சீக்கிரம்னு. இங்கயும் நிம்மதி இல்ல, அங்கயும் நிம்மதி இல்ல." அவன் மனைவி ஜோதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

2007ஆம் ஆண்டு ஐப்பசியில், தீபாவளி விடுமுறைக்கு முன்பாகத் தொட்டியைத் துப்புரவு செய்யச் சொன்னார்கள். முதலில் இறங்கியவன் முருகேசன் என்னும் புது ஆள். சத்தியநாதனின் சிநேகிதன். சகதியில் குழாயை விட்டுக் கிளறியவன் அப்படியே சரிந்தான். சத்தியநாதன் இறங்கினான். அவனும் ஏறி வரவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் பிற்பகல், பம்பு ஓட்டுநர் ரஷீத் அஹமது வீட்டுக்கு வந்தார். நடந்தது முழுவதையும் பார்த்தவர் அவர் ஒருவரே. ஜோதி மயங்கிக் கிடந்தாள். ஹெப்சி ஆரோக்கியமேரியின் அருகில் அமர்ந்திருந்தார்.

"நான் சட்டயப் புட்ச்சி இழுத்தேன்க்கா. ஆள் வரட்டும்டா, எறங்காதன்னு கெஞ்சினேன். கேக்கல."

"இன்னா சொன்னான்?"

ரஷீத் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லு பாய். என் தம்பி கடைசியா இன்னா சொன்னான்?"

"'வுடு பாய், இன்னும் பத்து நொடி இருக்கு'ன்னான்க்கா. லுங்கிய மடிச்சிக் கட்டிக்கினு எறங்கிட்டான்."

அவருக்கு அதன் பொருள் தெரியவில்லை. எந்தப் பத்து நொடி என்று அவரே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். பொருள் தெரிந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அந்த வாரமே இருவரும் காட்பாடிக்குப் போனார்கள். டைட்டஸ் எழுந்து நின்று, கைகூப்பி, வருத்தம் தெரிவித்தார். கண்கலங்கவும் செய்தார். அதைப் பொய் என்று ஹெப்சியால் சொல்ல முடியவில்லை. பொய்யாக இருந்திருந்தால் சகித்துக்கொள்வது எளிதாக இருந்திருக்கும்.

"நான்காம் கட்டத்தைக் காட்டு" என்றார் ஹெப்சி.

திரையில் ஒரு தொட்டி. அதற்குள் பச்சை நிறச் சகதி, பாயசம் போலக் குமிழியிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓர் எலி ஓடியது. அது சிரிப்பு மூட்டுவதற்காம். கொழுத்த கன்னங்களோடு ஒரு பொம்மை மனிதன் 'தொபுக்'கென்று உள்ளே விழுந்தான். மேலே கடிகாரம் சிவப்பாகச் சுழன்றது. ஆரோக்கியமேரியின் குரல் எழுந்தது. இரைச்சலை விலக்கிக்கொண்டு வழி கேட்கும் அதே குரல்! 'நண்பன் உன்னை நம்பியிருக்கிறான்! சீக்கிரம், சீக்கிரம்! இறங்கு! இன்னும் பத்து நொடி இருக்கிறது!' டைட்டஸின் விரல் ஒரு பொத்தானை அழுத்தியது. இன்னொரு பொம்மை ஏணியில் சறுக்கி இறங்கி, விழுந்தவனைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்தது. நட்சத்திரங்கள் பொழிந்தன. கைதட்டல். சபாஷ்!

ஹெப்சிக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. ஆம்பூரின் சுண்ணாம்புக் குழிகளை அவர் அறிவார். ஈரத்தோல் வண்டிகளுக்குப் பின்னால் மூக்கைப் பிடிக்காமல் நடந்திருக்கிறார். இராணிப்பேட்டையில் தொழிற்சாலைக் கழிவு தேங்கிய ஓடைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறார். அவை எவையும் செய்யாததை, நறுமணப் புகை வீசும் அந்தக் குளிரறையில் அந்த நட்சத்திர மழை செய்தது.

"நான் எழுதியது எங்கே?"

"இருக்கு ஆன்ட்டி! ஒரு வரி கூட எடுக்கல." டைட்டஸ் பொத்தானை அழுத்தினார். கைதட்டல் ஓய்ந்த பிறகு, ஒரு சாம்பல் நிறப் பக்கம் தோன்றியது. எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், ஹெப்சியின் பாடம் முழுமையாக இருந்தது. அதன் மூலையில், 'அடுத்த கட்டத்துக்குச் செல்க' என்று ஒரு பெரிய ஆரஞ்சுப் பொத்தான் மினுமினுத்தது. "படிச்சவங்க படிப்பாங்க."

"எவராவது படித்தாரா?"

"அத ட்ராக் பண்றதில்ல ஆன்ட்டி."

"இறங்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். நீ இறங்கினால் பரிசு என்று வைத்திருக்கிறாய்."

டைட்டஸ் மிகப் பொறுமையாக விளக்கினார். "மொதல்ல நீங்க எழுதின மாதிரியேதான் பண்ணினோம். ஒருத்தன் விழுவான், ஆடறவன் பேசாம நிக்கணும், நின்னா பாயிண்ட். டெஸ்டிங்ல ஒருத்தருக்கும் புடிக்கல. 'இது இன்னா கேமு, கையக் கட்டிக்கினு நிக்கறதுக்கு'ன்னு எழுந்து போய்ட்டாங்க. சும்மா நிக்கறதுக்கு எப்படி ஆன்ட்டி நட்சத்திரம் குடுக்கறது? ஏதாவது செஞ்சாத்தானே ஆட்டம்! அதான் ரெஸ்க்யூன்னு மாத்தினோம். அதுக்கப்புறம் அந்தக் கட்டந்தான் எல்லாருக்கும் ஃபேவரிட். பாருங்க."

அவர் மதிப்பெண் பலகையைத் திறந்தார். நான்காம் கட்டம். முதலிடம்: சத்தியநாதன், ஆம்பூர். பெயருக்கு அருகில் ஒரு தங்கக் கிண்ணம் சுழன்றுகொண்டிருந்தது.

ஆரோக்கியமேரி எழுந்து நின்றாள்.

"என் கொரல அதுலேந்து எட்துடுங்க."

"அக்கா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது..."

"நீங்க புரிஞ்சிக்க வாணாம். எட்துடுங்க. நாளைக்கு எவனாவது அத ஆடுவான். மேரிக்கா சொல்லுதுன்னு எறங்குவான். என்னய பாத்ததே இல்லாதவன் கூட எறங்குவான் சார். என் கொரலு அப்டி. நான் பொய் சொன்னதில்ல, அதனால."

அவளுக்கு மூச்சு வாங்கியது. ஹெப்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். கீழே அடுமனையிலிருந்து இனிப்பு ரொட்டியின் வாசனை எழுந்தது. ஹெப்சி தெருவோரச் சாக்கடையில் குனிந்து வாந்தியெடுத்தார்.

பிறகு நடந்தவை அதைக் காட்டிலும் அருவருப்பானவை. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், தொழிற்சாலையின் பணியாளர் அலுவலர் ஜெயப்பிரகாஷ், சத்தியநாதனின் மதிப்பெண்ணை அச்சிட்டு நீட்டினார். இறந்தவருக்குக் கழிவுநீர்த் தொட்டியைப் பற்றிய பயிற்சி முறையாக அளிக்கப்பட்டிருந்தது. அதில் அவர் அனைவரிலும் முதலிடம் பெற்றிருந்தார். எனவே, தெரிந்தே விதியை மீறியது அவருடைய சொந்தக் கவனக்குறைவு. மீறிய விதி சாம்பல் பக்கத்தில் இருந்தது. பெற்ற முதலிடம் நட்சத்திரப் பக்கத்தில் இருந்தது. இரண்டையும் ஒரே உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள். ஹெப்சி எழுந்து விளக்கியபோது அதிகாரி கனிவோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "விளையாட்டைப் பார்த்து ஒருவர் தொட்டியில் இறங்குவாரா மேடம்?" என்று கேட்டார். பயிற்சி என்று காட்டும்போது அது பாடம். குற்றம் என்று காட்டும்போது அது விளையாட்டு. அந்த அறையில் இருந்த எவருக்கும் அந்த நாற்றம் எட்டவில்லை. மூக்குகள் செத்து நெடுநாள் ஆகியிருந்தது.

ஆரோக்கியமேரி கூண்டுக்குத் திரும்பினாள். ஆனால், வேலை ஓடவில்லை. வண்டி உள்ளே நுழைந்து நின்ற பிறகும் அவளுக்கு வாய் திறக்கவில்லை. பயணிகள் மேலே அண்ணாந்து பார்த்தார்கள். சாமிநாதன் படியேறி வந்தார். கத்துவதற்காக ஏறியவர் அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வண்டி நிக்குதும்மா. நானும் பாக்கறேன், நீயும் பாக்கற. சொல்லேன்."

"நெஜமாவே நிக்குதா சார்?"

"இன்னாம்மா பேசற!"

"நீங்க கீழ போயி ஒரு தபா தொட்டுப் பாத்துட்டு வாங்க."

அவர் உண்மையாகவே இறங்கிப் போய், வண்டியின் பக்கவாட்டில் தட்டிக் காட்டினார். அவளால் அப்போதும் சொல்ல முடியவில்லை. மாத முடிவில் வேலையை விட்டுவிட்டாள். அதன் பிறகு அங்கே ஒலிநாடாவில் பதிவு செய்த குரல்தான். வண்டி வந்தாலும் வராவிட்டாலும் அது நேரப்படி அறிவித்துக்கொண்டிருந்தது.

ஹெப்சி விடவில்லை. டைட்டஸின் அலுவலகத்துக்கு மாதந்தோறும் நடந்தார். தம் பாடத்தைத் திருப்பித் தரும்படி கேட்டார். சபையின் ஆயரிடம் முறையிட்டார். தோல் வணிகர்களின் சங்கத்துக்கு எழுதினார். எல்லாம் சென்னையில் உள்ள கணினியில் இருக்கிறது, பல ஊர்களுக்குப் போய்விட்டது, பிடுங்கினால் எல்லாம் சரிந்துவிடும் என்று டைட்டஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். இதற்கிடையே, நட்சத்திர விடுதி ஒன்றில் நடந்த விழாவில், விளையாட்டு வழிக் கல்விக்காக அவர் ஒரு பரிசும் வாங்கினார். மேடையில் விளக்கப்படமாக நான்காம் கட்டத்தையே ஓடவிட்டதாக, அங்கே போய் வந்தவர் ஒருவர் ஹெப்சியிடம் பெருமையோடு சொன்னார். உங்கள் சிநேகிதியின் குரல் அந்த அரங்கில் என்ன அருமையாகக் கேட்டது தெரியுமா, என்றார். ஹெப்சி அவருக்கு எடுத்து வைத்த தேநீரைக் கொடுக்காமல், உள்ளே கொண்டுபோய்க் கொட்டினார்.

2009ஆம் ஆண்டு புரட்டாசியில் டைட்டஸே தொலைபேசியில் அழைத்தார். குரலில் மகிழ்ச்சி பொங்கியது.

"ஆன்ட்டி, அந்த அக்கா கேட்டபடியே செஞ்சுட்டேன். வாய்ஸ் ஃபுல்லா எடுத்தாச்சு. இப்ப நிம்மதியா இருக்கச் சொல்லுங்க."

"கட்டத்தையே எடுத்துவிட்டாயா?"

"கட்டத்த எதுக்கு எடுக்கணும்? வேற பொண்ண வெச்சு டப் பண்ணிட்டோம். அதே லைன்ஸ்தான். சின்னப் பொண்ணு, நல்ல எனர்ஜி. பழசவிட இது சூப்பரா வந்திருக்கு ஆன்ட்டி."

ஹெப்சி தொலைபேசியை வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவியபின் அந்தக் கையை எதன்மேல் வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அப்போது ஆரோக்கியமேரி மருத்துவமனையில் இருந்தாள். இதயம் வீங்கிவிட்டது, இனி அறுவை செய்ய இயலாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். பொது வார்டில் சன்னலோரக் கட்டிலில், மூன்று தலையணைகளின்மேல் சாய்ந்து உட்கார்ந்த நிலையிலேயே தூங்கி எழுந்துகொண்டிருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. ஜோதி இரவும் பகலும் உடன் இருந்தாள்.

பார்வையாளர் நேரத்தில் ஹெப்சி போனார். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் போனார். ஆனால், கண்ணால் காணாததைச் சொல்ல மறுத்த ஒருத்தியிடம், கண்ட ஒன்றை மறைப்பது எப்படி?

"உன் குரலை எடுத்துவிட்டார்கள், மேரி."

அவள் கண் திறந்தாள். "நெஜமாவா டீச்சர்? நீங்க பாத்தீங்களா?"

"பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். காலையில் போய், ஆட்டம் முழுவதையும் உட்கார்ந்து பார்த்தேன். உன் குரல் ஓரிடத்திலும் இல்லை."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் அணைந்தது.

"அப்போ அங்க இப்ப யாரும் பேசறதில்லயா?"

"வேறு ஒரு பெண் பேசுகிறாள்."

"இன்னா பேசறா?"

"அதையேதான்."

"பத்து நொடியுமா?"

"அதையும்தான்."

ஆரோக்கியமேரி முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜோதி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "அட்ச்சிக்காதக்கா. உன்னுது போய்ட்ச்சில்ல, வுடு. எவளோ பேசிக்கினு போறா."

"எவளோவா?" என்றாள் ஆரோக்கியமேரி. கோபம் மூச்சைத் தின்றது. "அவளுக்கும் படத்தக் காட்டியிருக்கமாட்டாங்கடி. துண்டு துண்டா சீட்டுதான் குட்த்திருப்பாங்க. பாவி, சிரிச்சிக்கினே சொல்லியிருப்பா."

செவிலி வந்து, நேரமாயிற்று என்று சொன்னார். ஹெப்சி எழுந்து, அவள் போர்வையைச் சரிசெய்தார். ஆரோக்கியமேரி அவருடைய புடைவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். அறிவிக்கச் சொல்லித் தன் கூண்டுக்குப் படியேறி வருபவர்கள் கேட்பதைப் போல, முறையாக, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"டீச்சர், அந்தப் பொண்ணு யாருன்னு விசாரிங்க. எந்த ஊருன்னு கேட்டுத் தேடிப் போங்க. அவ இன்னா சொல்லிக்கினு இருக்கான்னு, அவளாண்ட சொல்லிட்டு வாங்க."